பதினோரு புள்ளிகள்

மூன்றாவது சொட்டும் விழுந்ததும் தங்கபுஷ்பத்துக்குப் பொறுமை போய்விட்டது. "மூடிக்கோங்கம்மா, அரை மணி நேரத்துக்குத் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பெண் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். முதல் சொட்டுக்கும் இதைத்தான் சொன்னாள், இரண்டாவதுக்கும் இதைத்தான் சொன்னாள். கண்பாப்பா விரியவில்லையாம். மற்றவர்களுக்கெல்லாம் இருபது நிமிஷத்தில் விரிந்துவிட்டதாம், இந்த அம்மாவுக்கு மட்டும் மாட்டேன் என்கிறதாம். சர்க்கரைக்காரர்களுக்கு அப்படித்தான் என்று யாரோ ஒரு சர்க்கரைக்காரர் இருட்டுக்குள்ளிருந்து ஆறுதல் சொன்னார். ஆறுதல் ஒன்றுதான் குறைச்சல். பாளையங்கோட்டை வெயில் மூடிய இமைக்குள்ளும் சிவப்பாக வந்து நின்றது. இடது பக்கச் சிவப்பில் ஒரு மூலை மங்கல். அந்த மங்கலுக்காகத்தான் வந்திருக்கிறாள், அதை நினைக்கக் கூடாது என்றுதான் ஒரு வாரமாக இருக்கிறாள். முப்பது வருஷம் மைக்ராஸ்கோப்பில் வைத்த கண் அது. வலது கண்ணால் பார்க்க அவளுக்கு வராது, வராதது வராதுதான். சரி, அது டாக்டர் பாடு. இப்போதைய பாடு மணி. "அத்தான், மணி என்ன?" என்று கேட்டாள். "மூணு அம்பத்தி மூணு" என்றார் பக்கத்திலிருந்த ஞானதிரவியம். இன்னொருவர் என்றால் நாலாகப் போகுது என்பார். பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்த மனிதர், அவருக்கு மூணு அம்பத்தி மூணுதான். ஐந்து மணிக்குள் பதில் போக வேண்டும். ஒரு மணி ஏழு நிமிஷம். அவளால் போனில் ஒரு எழுத்தைக்கூடப் பார்க்க முடியாது.

இரண்டாவது சொட்டுக்கும் மூன்றாவது சொட்டுக்கும் நடுவில்தான் அந்த மெயில் வந்தது. போன் சிணுங்கியதும் அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள், வெள்ளைக்குள் வெள்ளையாக எல்லாம் கரைந்து கிடந்தது, போனை அத்தானிடம் நீட்டிவிட்டாள். நீட்டியிருக்கக் கூடாது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ் புறப்பாடு அறிவிக்கிற குரலில், ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்கும் ஒரு நிறுத்தம் கொடுத்து வாசித்தார். அதில் இருந்தது இவ்வளவுதான். திருவனந்தபுரத்திலிருந்து ஹரீந்திரன் என்கிற பையன், அருகிவரும் இனங்களைப் பட்டியலிடும் குழுவின் சார்பில் எழுதுகிறான். தாங்கள் அனுப்பிய குறிப்பில் இந்தக் காளான் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, அதனால் அருகிவரும் இனமாகப் பட்டியலிட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இதே காளான் பதினோரு இடங்களில் இருப்பதாக ஒரு நம்பகமான ஆய்வு இருக்கிறது. ஆகவே இதைக் கவலைப்பட வேண்டாத இனம் என்று முடிவுசெய்ய உத்தேசம். குழு இன்று ஐந்து மணிவரை கூடியிருக்கிறது, மறுப்பு இருந்தால் அதற்குள் காரணத்தோடு எழுதவும். அந்த நம்பகமான ஆய்வு எது என்று அடைப்புக்குள் போட்டிருந்தான். தங்கபுஷ்பம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. "ஏ புஷ்பம், உன் பேருல்லா போட்டிருக்கான்!" என்று ஞானதிரவியம் உரக்கச் சொல்லிவிட்டார். கண்ணை மூடியிருந்த பத்துப் பேரும் இந்தப் பக்கம் தலையைத் திருப்பியிருப்பார்கள். "நம்பகமானதுன்னு சொல்லுதான் பாரு. இருவத்தாறு வருஷம் கழிச்சும் சொல்லுதான்."

சொல்லாமல் என்ன செய்வான், அவன் என்ன கண்டான். அவனிடம் தப்பே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். தப்புச் செய்தவன் ஒருவன் எதிரே இருந்தால் சண்டை போடலாம். இங்கே எதிரே இருப்பது பதினோரு புள்ளி வைத்த ஒரு வரைபடம், வைத்தவள் இவள். விழுந்து கிடக்கிற கிழட்டு மரத்தில், அலமாரித் தட்டு மாதிரி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு வளருகிற மரக்காளான் அது. மேலே காப்பிப்பொடி நிறம், அடியில் சந்தனம், தட்டினால் பலகை தோற்கும். குழம்புக்கும் ஆகாது மருந்துக்கும் ஆகாது. தமிழில் அதற்குப் பேர்கூடக் கிடையாது. ஞானதிரவியம் அதை அரைத் தோசை என்பார், உன் அரைத் தோசைக்கு ஒரு டாக்டர் பட்டமா என்று கல்யாணமான புதிதில் கேலி செய்தவர் அவர். ஆனால் காட்டில் அது இல்லாவிட்டால் அந்தப் பெரிய மரங்கள் மட்காமல் கிடந்தபடி கிடக்கும். இந்த வேலையை இன்னொரு காளானும் செய்யும்தான், அதையும் சொல்ல வேண்டும், அதைச் சொன்னால் அப்புறம் இது எதற்கு என்பார்கள். எதற்கு? எதற்கு என்று சொல்லத் தெரியாத ஒன்றுக்காக இந்த வயதில் அவமானப்பட வேண்டியிருக்கிறது. அந்த ஒரே இடமான பூதங்கல் சோலைக்குக் காட்சிமுனை வரப்போகிறது. அதற்கு இருபதடி ரோடு. ரோட்டுக்கு முன்னால், விழுந்து கிடக்கும் மரங்களை அகற்ற டெண்டர். காய்ந்த மரம்தானே மேடம் என்று வனத்துறை அலுவலகத்தில் ஒருத்தர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். பட்டியலில் ஒரு பேர் இருந்தால் கோப்பில் ஒரு கேள்வி விழும், கேள்வி விழுந்தால் ரோடு இருநூறு மீட்டர் வளையலாம். வளையலாம், அவ்வளவுதான், வளையும் என்றுகூட இல்லை.

பேப்பரில் அந்தச் செய்தியைப் பார்த்த மறுநாள்தான் அவள் பாடம் எடுக்கிற கல்லூரியின் அலமாரியைத் திறந்தாள். பழைய காகிதப் பொட்டலங்கள் பதினொன்று, ஒவ்வொன்றின் மேலும் அவள் கையெழுத்து, அப்போது எழுத்து எவ்வளவு குண்டு குண்டாக இருந்திருக்கிறது. ஒரு நல்ல கட்டுரையாக எழுதிவிடலாம், பதினோரு இடத்தில் பூதங்கல்தான் செழிப்பு என்று காட்டிவிடலாம் என்ற எண்ணம். எதற்கும் வித்துகளை ஒருமுறை பார்த்துவிடுவோமே என்று இரண்டாம் பொட்டலத்திலிருந்து ஒரு சில்லை வெந்நீரில் ஊறப் போட்டு, பிளேடை இரண்டாக ஒடித்து, சீவிச் சீவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வித்து வழவழவென்று இருக்கிறது. வழவழவென்று இருக்கக் கூடாது. அதன் வித்துக்கு முள் உண்டு, அந்த முள்தான் அதன் அடையாளம், அந்த முள்ளை வைத்துத்தான் அவள் பட்டமே வாங்கினாள். வழவழ என்றால் அது ஊர் உலகத்தில் எல்லாக் காட்டிலும் காய்க்கிற சாதாரணக் காளான். கண் கோளாறு என்று நினைத்தாள். கண் கோளாறாக இருக்கட்டும் ஆண்டவரே என்று நினைத்தாள், இப்படியும் ஒருத்தி வேண்டுவாளா, வேண்டினாள். மூன்றாவது வழவழ. நாலாவது வழவழ. பதினொன்று வரைக்கும் வழவழ. முதல் பொட்டலத்தில் மட்டும் முள் முள்ளாக, கண்ணாடி மாதிரித் தெளிவாக, மங்கல் கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு முள்.

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது அவள் முதல் பொட்டலத்தை மட்டும்தான் வெட்டிப் பார்த்திருந்தாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது. துறையில் நல்ல மைக்ராஸ்கோப் ஒன்றே ஒன்றுதான், பேராசிரியர் ஏசுவடியான் அறையில், பூட்டிய பீரோவில். வியாழக்கிழமை இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை அவளுக்கு. மற்ற நாள் மற்றவர்களுக்கு. பலகை மாதிரி இருக்கிற சாமானை ஊற வைத்துச் சீவி ஒரு நல்ல சீவல் எடுப்பதற்கு மூன்று வியாழக்கிழமை போயிற்று. பதினொன்றுக்கு முப்பத்து மூன்று வியாழக்கிழமை. நடுவில் கல்யாணம், நடுவில் பிரசவம், நடுவில் ஏசுவடியான் ஓய்வுபெறப் போகிறேன் என்று நின்றார். ஒரு புள்ளி வைத்த படத்தை எவனும் வரைபடம் என்று ஒத்துக்கொள்ள மாட்டான் அம்மா, பரவலைக் காட்டு என்பார். காட்டினாள். மற்ற பத்தும் பார்வைக்கு அச்சு அசல். மேலே காப்பிப்பொடி, அடியில் சந்தனம். லேபிளில் மேற்படி, மேற்படி, மேற்படி என்று எழுதிக்கொண்டே போனாள். பொய் எழுதவில்லையே, அந்தந்த இடத்துக்குப் போனது நிஜம், அந்தந்த மரத்திலிருந்து பெயர்த்தது நிஜம். வெட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவ்வளவுதானா? தேர்வுத்தாளில் ஒரு பிள்ளை முதல் கணக்கைப் போட்டுவிட்டு மற்ற பத்துக்கும் அதே விடையை எழுதினால் நீ என்ன செய்வாய்? சுழிப்பாய். சிவப்பு மையில் சுழிப்பாய். அப்புறம் அந்தப் படத்தை எத்தனை பேர் எடுத்தாண்டார்கள், நாற்பது பேர், ஐம்பது பேர், எவனாவது ஒருவன் வெட்டிப் பார்த்தானா? ஒருவனும் பார்க்கவில்லை. அவர்களும் மேற்படி என்றே எழுதினார்கள். அவர்கள் மேல் கோபம் வருகிறது, வரக் கூடாது, வருகிறது.

"என்ன யோசிக்க?" என்றார் ஞானதிரவியம். "நாலு இருவது ஆயிட்டு. பதில் எழுதணும்னு சொல்லுதான்லா. நான் எழுதுதேன், நீ சொல்லு. நன்றின்னு ரெண்டு வரி போட்டா முடிஞ்சு போச்சு." "சும்மா இருங்க அத்தான்" என்று வெடுக்கென்று சொன்னாள். "ஆமா, நான் சும்மா இருக்கேன். காண்டீன்ல காப்பி வாங்கியாரட்டா? சீனி இல்லாம?" வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தாளம் போட ஆரம்பித்தார். இந்த மனிதர் கேட்காமல் இருந்தால் இவ்வளவு கஷ்டம் இல்லை.

கஷ்டம் அங்கேதான் இருக்கிறது, குழுவிடம் இல்லை. குழுவுக்கு என்ன, முகம் தெரியாத ஏழு பேர். கல்லூரியில் நாலு நாள் கிசுகிசுப்பார்கள், அடுத்த மே மாதம் ஓய்வு, அதோடு அவளுக்கும் அவர்களுக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பத்து இடத்துக்கும் கூட வந்தவர் இவர். முதல் காளான் கல்யாணத்துக்கு முந்தி, துறைக்காரர்களோடு போனபோது பூதங்கல்லில் எடுத்தது. அதற்குப் பிறகு எல்லாம் இவரோடுதான். பொம்பளைப் பிள்ளை தனியாகக் காட்டுக்குப் போகிறதா என்று மாமியார் முகத்தைத் தூக்கியபோது, நான் போறேன் கூட என்றவர். வார ஓய்வை எல்லாம் அதற்கே கொடுத்தார். குற்றாலத்துக்கு மேலே, பாபநாசத்துக்கு மேலே, மேகமலை, போடிமெட்டு. எந்த பஸ் எந்த நேரத்துக்கு எந்த இடத்தில் நிற்கும் என்று அவருக்குத் தெரியும், கடைசி பஸ்ஸை ஒருநாளும் விட்டதில்லை. அட்டை கடித்து உள்ளங்காலிலிருந்து ரத்தம் ஒழுக ஒழுக, உளியும் சுத்தியலுமாக மரத்தின் மேல் குனிந்துகொண்டு, இது போதுமா புஷ்பம், இன்னும் கொஞ்சம் பெருசா வேணுமா என்று கேட்டவர். பத்தும் அவர் பெயர்த்தது. பத்தும் வழவழ. அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம் விரலை வைத்து வைத்துக் காட்டுவார், இங்க ஒரு ராத்திரி ஆனை வந்துட்டு, இங்க எம் மவா வவுத்துல இருந்தா. அவருக்கு அது காளான் படம் இல்லை. அதை எப்படிப் போய்ச் சொல்வது, நீங்கள் போன பத்து இடமும் தப்பு, நீங்கள் வராத ஒரு இடம்தான் சரி என்று? ஒரு மாதமாகச் சொல்லவில்லை. அதனால்தான் குழுவுக்கு எழுதும்போதும் முந்தைய பதிவுகள் மறுபரிசீலனைக்குரியவை என்று ஒரு வாக்கியம் எழுதினாள். யாருடைய பதிவு, யார் பரிசீலிப்பது, ஒன்றும் இல்லாத வாக்கியம். சந்துக்குள் நழுவுகிற மாதிரி. அந்தப் பையன் சந்தின் மறுமுனையில் வந்து நின்றுவிட்டான்.

விட்டுவிட்டால் என்ன? பதில் எழுதவில்லை, கண் ஆஸ்பத்திரியில் இருந்தேன், உண்மைதானே. கவலைப்பட வேண்டாத இனம். யாரும் கவலைப்பட வேண்டாம். படம் கூடத்தில் தொங்கட்டும். ரோடு போகட்டும். அதற்கு முன்னால் அது அங்கே இருக்கிறதா என்ன? இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று பார்த்து. பதினோரு இடத்தில் இருக்கிறதே என்று அவளும் திரும்பிப் போகவில்லை. ஒரு மாதத்தில் மூன்று தடவை சோலைக்குள் போக அனுமதிக்கு எழுதிவிட்டாள், சீசன் முடியட்டும் என்கிறார்கள், சீசன் முடிந்தால் டெண்டர். அந்த மரம் அப்போதே பாதி மட்கியிருந்தது, இப்போது மண்ணாகியிருக்கும். பக்கத்தில் இன்னொரு மரம் விழுந்திருந்தால் அதில் ஏறியிருக்கும். விழுந்திருக்குமா? இல்லாத ஒன்றுக்காக இருக்கிற ஒன்றைக் கெடுத்துக்கொள்வதா? மங்கல் மூலை ஒரு துடிப்பு துடித்தது. இந்தக் கண்ணும் போய்விட்டால் இந்த வழவழப்பைப் பார்த்த ஒரே ஆளும் இல்லை. அப்புறம் பதினோரு புள்ளிதான் உண்மை, என்றைக்கும், எல்லாப் புத்தகத்திலும். அதை நினைத்தபோதுதான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மணி கேட்டாள். நாலு நாற்பத்தி ஒன்று.

"எழுதுங்க அத்தான்" என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. திறந்தாலும் அவர் முகம் தெரியாது, அதுவும் நல்லதற்குத்தான். "சொல்லு, ஐயா வணக்கம்னு ஆரம்பிக்கட்டா?" "அதெல்லாம் வேண்டாம். நான் சொல்லுததை மட்டும் எழுதுங்க. அந்தப் பதினோரு இடத்துல பத்து தப்பு." தாளம் நின்றுவிட்டது. "நான் முதல் காளானைத்தான் வெட்டிப் பாத்தேன். மத்தப் பத்தையும் பாக்காமலேயே அதுதான்னு எழுதிட்டேன். போன மாசம் பத்தையும் வெட்டிப் பாத்தாச்சு. பத்தும் சாதாரணக் காளான். பூதங்கல் மட்டும்தான் உண்மை. தப்பு என்னோடது. எழுதிட்டீங்களா?" பக்கத்தில் யாருக்கோ சொட்டு விட்டார்கள், மூடிக்கோங்கய்யா என்றாள் நர்ஸ். "அத்தான்?" என்றாள். ஞானதிரவியம் மெதுவாகக் கேட்டார். "போடிமெட்டுமா?" "போடிமெட்டும்தான்." "ஆனை வந்த எடம்?" "அதுவும்தான்." "போன மாசமே தெரியுமா ஒனக்கு?" அவள் ஆமாம் என்றாள். அதற்கப்புறம் விரல் போனில் குத்துகிற சத்தம் மட்டும் கேட்டது, ஒவ்வொரு எழுத்தாக, ஒற்றை விரலால், அநியாயத்துக்கு நிதானமாக. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று தோன்றியது அவளுக்கு. இங்கிலீஷில் எழுத்துப் பிழை விட்டுவிடுவார், விடட்டும். "நாலு அம்பது. அனுப்பிட்டேன்" என்றார்.

அப்பாடா என்று இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. நாக்கில் சொட்டு மருந்தின் கசப்பு இறங்கியிருந்தது, கழுத்து வலித்தது, யாரோ வீட்டுப் பிள்ளை நாற்காலியை உதைத்துக்கொண்டே இருந்தது. அவருக்குக் கோபமா, வருத்தமா, இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்னத்தைப் பார்ப்பது. அவர் கையைத் தேடினாள், நாற்காலிக் கைப்பிடிதான் கிடைத்தது. இனி ரோடு வளையும், வளைய வேண்டும், இவ்வளவு கொடுத்தாயிற்று, அதற்காவது வளைய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே போன் சிணுங்கியது. ஹரீந்திரன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான் போலிருக்கிறது. ஞானதிரவியம் இந்த முறை குரலை உயர்த்தவில்லை. தங்கள் நேர்மைக்கு நன்றி என்று வாசித்தார். பத்துப் பதிவுகளையும் நீக்குகிறோம். மீதமுள்ள ஒன்றும் அதே ஆய்வாளரின் அதே ஆய்விலிருந்து வருவது, இருபத்தெட்டு ஆண்டுகளாக யாரும் நேரில் உறுதிசெய்யாதது. ஆகவே அதை மட்டும் வைத்து அருகிவரும் இனம் என்று அறிவிக்க இயலாது. போதிய தரவு இல்லை என்ற வகையில் சேர்த்திருக்கிறோம். அதோடு முடிந்தது. "போதிய தரவு இல்லைன்னா?" என்று கேட்டார். "நல்லதா, கெட்டதா?"

"அத வச்சு எதையும் நிறுத்த முடியாது அத்தான்."

"அப்ப ரோடு?"

"ரோடு வரும்."

"அப்ப எதுக்கு என்னைய எழுதச் சொன்ன?" என்று ஞானதிரவியம் கேட்டார். தங்கபுஷ்பம் கண்ணைத் திறந்தாள். எதிரே வெள்ளையாக எரிந்தது, அவர் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்பு மட்டும் நின்றது. "தொண்ணூத்தெட்டுல நான் எழுதியிருக்க வேண்டியது அந்த வார்த்தைதான். போதிய தரவு இல்லைன்னு. அப்ப எழுதியிருந்தா யாராவது போய்ப் பாத்திருப்பாங்க" என்றாள். உள்ளேயிருந்து அவள் பேரைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது தடவை கூப்பிட்டும் இருவரும் எழுந்திருக்கவில்லை.